ஓடும் மாடியும்: குலசேகரம் வட்டாரத்து வீட்டு அலங்காரத்தின் வரலாறு

குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். திற்பரப்பு அருவியும் திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலும் அருகில் உள்ளன. தெற்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த நிலப்பகுதி திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. ஆகவே இங்குள்ள வீடுகளின் கதையைச் சொல்ல, இன்றைய மாநில எல்லைக்கு இருபுறமும் போய்வர வேண்டியிருக்கிறது.

வீட்டைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்பது எங்கும் உள்ள நம்பிக்கை. உளவியலாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சாம் காஸ்லிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் ஒருவருடைய படுக்கையறையை மட்டும் பார்த்து அவருடைய குணங்களைக் கணிக்கச் சொன்னார்கள். புதியவற்றில் நாட்டம் உடையவரா, ஒழுங்கானவரா என்பதைப் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். ஆனால் இந்த ஆய்வுக்கு அடியில் ஓர் எண்ணம் பேசப்படாமல் கிடக்கிறது. அறையில் இருப்பவர் தம் விருப்பப்படி அதை அமைத்துக்கொள்ள முடியும் என்பதே அது. திருவிதாங்கூரின் தென்பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வரை அப்படி ஒரு நிலைமை இல்லை. கூரைக்கு எதைப் போடுவது, எத்தனை நிலை எழுப்புவது என்பதெல்லாம் குடியிருப்பவரின் கையில் இல்லை. அந்த வீடுகளிலிருந்து முதலில் தெரியவருவது ஆளின் குணமல்ல, அவருக்கு என்ன அனுமதிக்கப்பட்டது என்பதுதான்.

வீட்டின் பெயர்

அனுமதி வீட்டின் பெயரிலேயே தொடங்கியது. வில்லியம் லோகன் 1887இல் வெளிவந்த தம் 'மலபார் மானுவல்' நூலில், மலையாள நாட்டில் ஒரே பொருளான வீட்டுக்குச் சாதிக்கு ஒரு சொல் இருந்ததைப் பட்டியலிட்டிருக்கிறார். நம்பூதிரி வாழ்ந்தது இல்லம், அவர்களில் உயர்ந்தவர்களுடையது மனை. அரசன் வாழ்ந்தது கோவிலகம் அல்லது கொட்டாரம். நாயருடையது வீடு அல்லது பவனம். கள் இறக்குபவருடையது புரை அல்லது குடி. அடிமை வேலை செய்தவருடையது சாளை. லோகன் எழுதியது ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மலபாரைப் பற்றி. தெற்கே திருவிதாங்கூரிலும் வழக்கு பெரிதும் இதை ஒத்ததே. ஒருவர் தம் இருப்பிடத்தை என்ன சொல்லால் குறிப்பிடலாம் என்பதுகூட முறைப்படுத்தப்பட்டிருந்தது. குமரி மாவட்டத்து மேற்குப் பகுதியில் 'புரை' என்ற சொல் இன்றும் புழக்கத்தில் உண்டு. இப்போது அது சாதி பார்ப்பதில்லை. மாட்டுக்கும் விறகுக்கும் உரிய கூரைக்குத்தான் பெரும்பாலும் வழங்குகிறது.

அரண்மனை என்ற அளவுகோல்

இந்த வட்டாரத்தில் அழகான வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாக இருந்தது பத்மநாபபுரம் அரண்மனை. 1601 அளவில் இரவிவர்மன் குலசேகரப் பெருமாள் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த அரண்மனை, மார்த்தாண்டவர்மன் காலத்தில் (1729–1758) விரிவாக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதனால் அரண்மனை பிற்காலத்துத் திருத்தங்களுக்கு அதிகம் ஆளாகாமல் நின்றுவிட்டது. இன்று தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

உள்ளே நுழைந்ததும் பூமுகம். அதன் மரக்கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாமல் செதுக்கப்பட்டிருக்கின்றன. குதிரை விளக்கு தொங்குகிறது. கருங்கல் கட்டில் ஒன்றும் சீன நாற்காலி ஒன்றும் கிடக்கின்றன. சுவரில் சிற்றரசர்கள் ஓணத்துக்குக் காணிக்கையாக அளித்த ஓணவில்கள். மாடியில் மந்திரசாலை, அதன் சன்னல்களில் வண்ண அப்பிரகத் தகடுகள். கருங்கண்ணாடிபோல் மின்னும் தரைக்குச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவை சேர்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். காற்றும் வெளிச்சமும் மரச் சட்டங்களின் இடுக்குகள் வழியாக அளந்து விடப்பட்டதுபோல் வருகின்றன. இந்த அரண்மனையில் பொன் பூச்சு மிகக் குறைவு. வட இந்திய அரண்மனைகளைக் கண்டவர்களுக்கு இது ஒரு பெரிய தறவாட்டு வீடு என்றே தோன்றும். அந்த அடக்கம்தான் இதன் அழகு என்பது என் கருத்து.

ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது உப்பரிகை மாளிகை. நான்கு நிலைகள் கொண்ட இந்தக் கட்டடத்தின் கீழ்நிலை கருவூலம். அதற்கு மேலே அரசனின் படுக்கையறை. அறுபத்துநான்கு வகை மூலிகை மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் கட்டில் அங்கே இருக்கிறது. அது டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பது வழிவழிப் பேச்சு. உச்சி நிலை பத்மநாப சுவாமிக்கு உரியது. அங்கே இறைவனுக்கு ஒரு கட்டிலும் சுவர்கள் முழுக்க ஓவியங்களும் உள்ளன. மார்த்தாண்டவர்மன் 1750இல் நாட்டையே பத்மநாபனுக்குக் காணிக்கையாக்கித் தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டவன். தலைக்கு மேலே யார் இருக்கலாம், காலுக்குக் கீழே யார் இருக்கலாம் என்பதை இந்தக் கட்டடம் மரத்தாலும் சாந்தாலும் சொல்கிறது. மாடி என்பது இங்கே வசதிக்காக எழுப்பியதல்ல, அது தகுதியின் அடையாளம்.

நாட்டின் உயர்குடி வீடுகள் இதையே சிறிய அளவில் செய்தன. நாலுகெட்டு, நடுமுற்றம், படிப்புரை, முகப்பில் மரச் சித்திர வேலை, சாய்ந்து உட்காரச் சாருபடி. உள்ளே நெல் சேமிக்கும் அறப்புரை. பலா, அயனி, தேக்கு, ஈட்டி ஆகியவையே மரங்கள். வீட்டிலேயே அதிக வேலைப்பாடும் கனத்த பூட்டும் உள்ளது பெரும்பாலும் அறப்புரைக் கதவுதான். விருந்தினர் உட்காரும் இடத்துக்கு அடுத்தபடியாக நெல் இருக்கும் இடத்தை அலங்கரித்தார்கள் என்பது வேளாண் சமூகத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஆடியில் புதுக்கதிரைக் கொண்டுவந்து சாணத்தால் நிலையில் ஒட்டி வைக்கும் நிறைபுத்தரிசி வழக்கமும் அந்த மனநிலையைச் சேர்ந்ததே.

ஓட்டுக்கு அனுமதி

இதே காலத்தில் பெரும்பான்மை மக்கள் ஓலைக்கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். வறுமை ஒரு காரணம். ஆனால் பணம் சேர்த்தவர்களும் ஓடு போட முடியாது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

திருவிதாங்கூரில் நாயர்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியினரும் பொன் நகை அணிய அரசுக்கு 'அடியறைப் பணம்' செலுத்த வேண்டியிருந்தது. ராணி கௌரி பார்வதி பாய் (ஆட்சி 1815–1829) இதை நீக்கினார். எல்லோரும் தம் வீட்டுக்கு ஓடு வேயலாம் என்ற அனுமதியும் அவர் காலத்தில் தரப்பட்டது. அனுமதி தர வேண்டியிருந்தது என்பதிலேயே அதற்கு முந்தைய நிலை விளங்குகிறது.

அரசாணை வந்ததும் நடைமுறை மாறிவிடவில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில், நாடார்கள் மீது இருந்த தடைகளை அடுக்குகிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை கூடாது, பால் கறக்கக் கூடாது, பெண்கள் இடுப்பில் குடம் சுமக்கக் கூடாது. அதே வரிசையில் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்பதும் வருகிறது. உடம்பும் வீடும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். தோளில் துணியும் கூரையில் ஓடும் ஒரே வகை உரிமையாகக் கருதப்பட்டன. தோள்சீலைப் போராட்டம் 1820கள் தொடங்கி 1859 வரை மூன்று கட்டங்களாக நடந்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் அறிக்கையில்கூட நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. உரிமை கிடைத்தாலும் தோற்றம் ஒன்றாகிவிடக் கூடாது என்ற கவலை அரசுக்கு இருந்தது.

அழகு, ரசனை என்ற பேச்சுக்குள் இந்தக் கவலை ஒளிந்திருப்பதை வேறு நாடுகளிலும் காட்டியிருக்கிறார்கள். தோர்ஸ்டைன் வெப்லன் 1899இலேயே, செல்வர்கள் பொருளை வாங்குவது பயனுக்காக மட்டுமல்ல, பிறர் பார்ப்பதற்காகவும்தான் என்று எழுதினார். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட நூலில், ரசனை என்பது வகுப்புகளைப் பிரிக்கும் வேலி என்று வாதிட்டார். பாரிசில் அந்த வேலி கண்ணுக்குத் தெரியாதது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் அதை மீறினால் அடி விழுந்தது.

சுண்ணாம்பு, சன்னல், கண்ணாடி

ரிங்கல்தௌபே 1806இல் தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வந்ததற்குப் பிறகு லண்டன் மிஷன் இங்கே வேரூன்றியது. அதனோடு வேறொரு வீடும் வந்தது. வெள்ளையடித்த சுவர், சன்னல், நாற்காலி, மேசை, மேசைமேல் விரிப்பு. மிஷனரிகள் எழுதியவற்றில் சுத்தமான வெள்ளைச் சுவர் மனமாற்றத்தின் அடையாளமாகவே பேசப்படுகிறது. இதில் அவர்களுடைய ஊர்ப் பழக்கத்தை ஒழுக்கமாக எண்ணிக்கொண்ட பிழையும் கலந்திருக்கிறது. சாணம் மெழுகிய தரை அழுக்கானதல்ல. ஆயினும் ஓலைப்புரையில் பிறந்த ஒருவர் முதன்முதலாகச் சன்னல் வைத்த வீட்டில் குடியேறியபோது அடைந்த நிறைவை இந்தக் குறை தொட்டுவிடாது.

நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த சரிகைப் பின்னல் வேலை இந்த வரலாற்றில் தனி இடம் பெறும். லேஸ் என்று வழங்கும் அந்தப் பின்னல் ஐரோப்பியர் வீடுகளின் ஆடைகளுக்கும் விரிப்புகளுக்கும் போனது. அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் அதில் கிடைத்த கூலியால் விடுதலை பெற்றனர். திருவிதாங்கூர் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855இல்தான். தன் தோளை மறைக்க உரிமை இல்லாத ஊரில், யாரோ ஒருவருடைய மேசையை மூட நூல் பின்னிக்கொண்டிருந்தார்கள். வீட்டு அலங்காரப் பொருள் எதைப் பற்றியும் அதை வாங்கியவரின் ரசனையைத்தான் பேசுகிறோம். செய்தவரின் கணக்கு பொதுவாக வருவதில்லை.

இதே காலத்தில் மிஷனுக்கு வெளியே, அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் செய்தது இன்னும் வியப்பானது. அங்கே பள்ளியறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி இருக்கிறது. வழிபட வந்தவர் தன் உருவத்தையே காண்கிறார். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பத்மநாபபுரத்தில் பெல்ஜியக் கண்ணாடி உண்டு. அது அரசனின் தொலைதூரத் தொடர்பைக் காட்டும் அரிய சரக்கு. சாமித்தோப்புக் கண்ணாடியோ, கோயிலுக்குள் கால் வைக்க முடியாதிருந்தவருக்கு அவருடைய முகத்தைக் காட்டியது. நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தது 1927இல். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே இது தெற்கில் நடந்துவிட்டது.

அச்சு ஓடும் அச்சுப் படமும்

1865இல் மங்களூரில் பாசல் மிஷன் இயந்திர ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஒன்றோடொன்று கோத்து நிற்கும் தட்டை ஓடு, குயவர் கையால் செய்த நாட்டோட்டைவிட எடை குறைவு, ஒழுகலும் குறைவு. பின்னர் கொல்லம் போன்ற இடங்களிலும் ஆலைகள் எழுந்தன. ஓடுகளின் அடிப்புறத்தில் ஆலையின் பெயர் பொறித்திருக்கும். பழைய ஓட்டு வீடு எதையாவது பிரிக்கும்போது அந்த எழுத்துகளைப் படித்துப் பாருங்கள், ஓடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அரசாணை அனுமதித்ததை ஆலைதான் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் 'ஓட்டு வீடு' என்பது சற்று வசதியுள்ள எந்தச் சாதியாரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சிவப்புச் சாயத் தரையும் அந்த வீட்டோடு சேர்ந்து பரவியது.

சுவருக்கும் அச்சு வந்தது. திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் தொடங்கினார். அவருடைய இலட்சுமியும் சரஸ்வதியும் கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தார்கள். திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிக்கை வெளியானது 1936 நவம்பர் 12இல். பலருக்கு இறைவனின் முகம் கருவறைக்கு முன்பே காலண்டரில் அறிமுகமாகியிருந்தது. கோவில்பட்டியின் கொண்டைய ராஜுவும் (1898–1976) சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான படங்கள் இந்த வேலையைத் தொடர்ந்தன. கிறிஸ்தவ வீடுகளில் அந்த இடத்தில் வேத வசனமும் திருஇருதயப் படமும் இடம்பிடித்தன. குலசேகரம் பக்கத்தில் ஒரே சாலையில் மூன்று வகைச் சுவர்களையும் பார்க்கலாம்.

பிரிந்த தறவாடுகள்

மேலே ஏறியவர்களின் கதையோடு, இறங்கிய வீடுகளின் கதையும் நடந்தது. மருமக்கள்வழிச் சொத்துரிமையில் தறவாட்டைப் பிரிக்க இயலாது. தாய்மாமனின் நிர்வாகத்தில் எல்லோரும் ஒரே கூரைக்கீழ் இருக்க வேண்டும். அந்த முறையின் கசப்பை அங்கதமாக்கியதுதான் கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. 1925இல் நாயர்களுக்கும் 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் சட்டம் வந்து பாகப்பிரிவினைக்கு வழி திறந்தது. நாலுகெட்டை நான்காகப் பிரித்து நான்கு பேரும் வாழ முடியாது. கதவு, நிலை, தூண், தட்டு என்று மரமாகப் பிரித்து விற்றார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவற்றில் சில கேரளத்துச் சுற்றுலா விடுதிகளில் மறுபடி எழுந்து நிற்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் கேரள வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் படிப்புரை தாண்ட முடியாதிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சீட்டு வாங்கி நடுமுற்றம் வரை போகிறார்கள்.

ரப்பர் கட்டிய வீடுகள்

இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் குலசேகரத்தின் பொருளாதாரத்தை மாற்றியது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருந்தவர்களும் பால் வெட்டி, ஷீட் அடித்து, புகையிட்டு விற்றார்கள். 1970களிலிருந்து வளைகுடாப் பணமும் சேர்ந்தது. இவ்விரண்டும் கட்டிய வீடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். இரண்டு நிலைக் கான்கிரீட் வீடு, முன்னால் உருண்டைத் தூண்கள், சிட்அவுட், கார் நிறுத்த ஒரு முகப்பு, பளிச்சென்ற வண்ணம், வாசல் தூணில் கல்லில் பொறித்த வீட்டுப் பெயர், டிசம்பரில் கூரை உயரத்தில் தொங்கும் நட்சத்திர விளக்கு.

இந்த வீடுகளைக் கேலி செய்வது படித்தவர்களிடையே ஒரு பழக்கம். ரசனையற்றவை, வெப்பம் மிகுந்தவை, பகட்டானவை என்பார்கள். வெப்பம் பற்றிய குற்றச்சாட்டு உண்மை. மழையும் வெயிலும் மிகுந்த இந்த மண்ணுக்குச் சரிவுக் கூரையே பொருந்தும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றிய லாரி பேக்கர் (1917–2007), பூச்சில்லாத செங்கலும் காற்று புகும் துளைச்சுவரும் போதும் என்று காட்டினார். அவர் ஏழைகளுக்காகவே பெரிதும் உழைத்தவர், அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய பாணியைப் பிறகு விரும்பி ஏற்றவர்களில் பலர், பல தலைமுறையாக ஓட்டு வீட்டில் இருந்து சலித்தவர்கள். மண்சுவரும் ஓலையும் அவர்களுக்கு அழகாகத் தெரிகின்றன. சட்டத்தாலும் அடியாலும் ஓலைக்கூரையின் கீழ் வைக்கப்பட்டவரின் வழித்தோன்றலுக்கு அதே ஓலையில் என்ன அழகு தெரியும்? இரண்டாம் நிலை கட்டக் கூடாது என்ற இடத்தில் இரண்டாம் நிலை கட்டியவரை, அந்த நிலை தேவையா என்று கேட்பது வரலாறு தெரியாத கேள்வி. வாசலில் அவர் பொறித்திருக்கும் வீட்டுப் பெயரையும் லோகனின் பட்டியலோடு சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கம்பிகள் வானம் பார்த்து நீண்டு நிற்க, முடியாமல் கிடக்கும் மேல்நிலைகளும் இங்கே உண்டு. ரப்பர் விலை 2011இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டியது, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அந்தக் கம்பிகளைப் பகட்டு என்று சொல்ல முடியாது. அடுத்த தலைமுறைக்கென்று விட்டு வைத்தவை அவை.

அரசு ரப்பர்த் தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகள் இதற்கு நேர்மாறானவை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். 1984இல் அரசு ரப்பர்க் கழகம் தோட்டங்களை ஏற்றது. வரிசையாக ஒரே அளவு, ஒரே கூரை, ஒரே கதவு. சுவர் நிர்வாகத்துக்குச் சொந்தம். தூண் வைக்கவோ நிலை எழுப்பவோ இடமில்லை. ஆகவே அலங்காரம் முழுவதும் கழற்றி எடுக்கக்கூடியதாகவே இருக்கிறது: திரைச்சீலை, சாமி படம், பிள்ளைகள் பரிசு வாங்கிய கேடயம், வாசலில் டப்பாவில் வளரும் ரோஜாச் செடி. வேலை முடிந்து வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஆணியோடு சேர்த்து எல்லாம் வண்டியில் ஏறிவிடும்.